நண்பர்களோட சேர்ந்து ஒரு நல்ல காரியத்துக்காக ரொம்ப தூரம் சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா? எப்படி இருந்துச்சு?

ஓட்டியிருக்கோம். போன வருஷம் பிப்ரவரில நாங்க ஆறு பேர், வேலூர்ல இருந்து கண்ணமங்கலம், போளூர் வழியா திருவண்ணாமலை, மறுநாள் அதே ரூட்ல திரும்பி. போக வர 170 கிலோமீட்டர் பக்கம்.

எதுக்குன்னு முதல்ல சொல்லிடறேன். என் ஃப்ரெண்டோட நைனாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், ஒருக்கா படுத்தா நாலு மணி நேரம். துணைக்குப் போய் உக்காந்திருக்கச்சொல்ல தான் பக்கத்து பெட்டுக்காரங்க கதையெல்லாம் தெரிஞ்சுது. காப்பீட்டு அட்டை இருக்கறதால மிஷின் செலவு பெருசா இல்ல, ஆனா போளூர் பக்கத்துல இருந்து விடியகாலைல பஸ் ஏறி, கூட ஒரு ஆள இட்டுக்கினு வந்து, அந்த ஆளுக்கு அன்னிக்கு கூலியும் போயி, மத்தியானம் ரெண்டு பேருக்கு சாப்பாடு வேற, இதுக்கெல்லாம் எந்த அட்டையும் காசு தராது. பஸ்ஸுக்கு இல்லாம போன வாரம் ஒரு நாள் வரலன்னு ஒரு அக்கா சொன்னாங்க. ஒரு நாள் விட்டாலே ஒடம்புல தண்ணி சேந்து காலு வீங்கி மூச்சு வாங்கும். அந்த பஸ் காசுக்காகத் தான் இந்த ரைடு.

மிதிக்கறது கூட பரவால்ல, காசு கேக்கறது தான் எனக்கு கஷ்டமா இருந்துச்சு. ஆனா ஒண்ணு, சும்மா குடுங்கன்னா யோசிக்கறவங்க கூட, "அண்ணா கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபா எழுதுங்க, நாங்க போயிட்டு வந்தப்புறம் குடுத்தா போதும்"னா உடனே எழுதிடறாங்க. தெரு, ஆபீஸ், சொந்தக்காரங்கன்னு ஒரு நோட்டு முழுக்க பேரு.

காலைல நாலரைக்கு கோட்டை எதிர்ல இருந்து கிளம்பினோம். மூணு பேர்கிட்ட தான் கியர் சைக்கிள், மத்தது சாதா வண்டி, அதனால மெதுவா போறவன முன்னாடி விட்டு அவன் வேகத்துக்கே எல்லாரும் போனோம், ஒருத்தனையும் பின்னாடி விடக்கூடாதுன்னு முதல்லயே பேசி வெச்சிருந்தோம். கணியம்பாடி தாண்டினப்புறம் தான் வெளிச்சமே வந்துச்சு. 1989 வரைக்கும் இதெல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம் தானே, நைனா வயசுப் பசங்களா இருக்கச்சொல்ல இதே ரோட்டுல தான் தீபத்துக்கு சைக்கிள்ல போவாங்களாம். போளூர் தாண்டி கொஞ்ச தூரத்துல மலை தெரிய ஆரம்பிச்சுது, அத பாத்துக்கினே மிதிச்சோம்.

கஷ்டம்னா ரெண்டாவது நாள் தான். உள்ளங்கை மரத்துப் போச்சு, சீட்டுல உக்காரவே முடியல, வெயில் ஏறிடுச்சு. கண்ணமங்கலத்துக்கு முன்னாடி ஒரு புளியமரத்தடில நிறுத்தி ஆளாளுக்கு தண்ணிய குடிக்கறோம், நான் ஒரு முழு பாட்டில ஒரே மூச்சுல காலி பண்ணிட்டேன். ஃப்ரெண்டு என் கைல இருந்த அந்த காலி பாட்டில வாங்கி பாத்தான். முக்கா லிட்டர் பாட்டில். "நைனாவுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே இவ்ளோ தான்டா, காபி கொழம்பு எல்லாம் சேத்து"ன்னான். வேலூர் வெயில்ல அந்த மனுஷன் ஒரு ஐஸ் கட்டிய வாயில போட்டுக்கினு ஒரு மணி நேரம் ஓட்டுவாரு, நானே பாத்திருக்கேன், ஆனா தாகம்னா என்னன்னு அன்னிக்கு அந்த மரத்தடில தான் எனக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் ஒருத்தனும் முடியலன்னு சொல்லல.

நீங்க போறதா இருந்தா ஒரு மாசமாவது முன்னாடியே காலைல ஓட்டிப் பழகுங்க, பெடல் கீழ இருக்கச்சொல்ல குதிகால வெச்சா முட்டி நேரா நிக்கணும், சீட் அந்த உயரத்துல இருந்தா முட்டி வலி வராது. வெறும் தண்ணியா குடிக்காதீங்க, உப்பு போட்ட மோர் இல்லன்னா ஓ.ஆர்.எஸ். கலந்துக்குங்க. மார்ச்சுக்கு மேல நம்ம ஊர்ல வேணவே வேணாம்.

மொத்தம் 43,000 ரூபா சேந்துச்சு. கையில குடுத்தா கூச்சப்படுவாங்கன்னு ஏழு பேருக்கு மாசாமாசம் ஒண்ணாந்தேதி ஜிபே பண்ணிட்டு வந்தோம், அந்த அக்கா அதுல ஒருத்தங்க. அக்டோபரோட தீந்துடுச்சு. இந்த ஜனவரில ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போலாம்னு இருக்கோம், புது நோட்டு வாங்கியாச்சு.