மண்ணுக்கடியில் கசியும் குழாய்: கடப்பாரையை எடுக்கும் முன்

கேள்வி: அண்ணா, வீட்டில் எங்கும் சொட்டு ஈரம் இல்லை. தண்ணீர்க் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மண்ணுக்கடியில் கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: மீட்டரில் தொடங்குங்கள். இரவு எல்லோரும் படுத்த பிறகு எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். மாடித் தொட்டிக்குப் போகும் வால்வையும் அடையுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். மிதவை வால்வு சரியாக மூடாமல் தொட்டி வழிந்துகொண்டிருக்க, தரையைத் தோண்டிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பல மீட்டர்களின் முகத்தில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும். எதுவும் திறந்திராத நேரத்தில் அது மெல்ல நகர்ந்தாலும் தண்ணீர் எங்கோ போகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் அளவைக் குறித்துவைத்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மணிக்கு 2 லிட்டர் அற்பமாகத் தோன்றும். மாதக் கணக்கில் அது 1,440 லிட்டர்.

அப்புறம் வீட்டு வாசலில் இருக்கும் வால்வை மூடுங்கள். மீட்டர் நின்றால் கசிவு வீட்டுப் பக்கம். நிற்காவிட்டால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில். ஒன்று கவனம்: பழைய வால்வுகள் முழுதாக அடைக்காது. மூடிய பிறகு உள்ளே, மாடித் தொட்டியிலிருந்து வராத ஒரு குழாயைத் திறந்து பாருங்கள். அதில் தண்ணீர் நின்றால்தான் இந்தச் சோதனை செல்லும்.

கேள்வி: எங்களுக்கு மீட்டரே இல்லை சார். கிணற்று மோட்டார், மாடித் தொட்டி, அவ்வளவுதான்.

பதில்: தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, மோட்டார் போடாமல், எந்தக் குழாயும் திறக்காமல் விடியும்வரை விடுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கீழே வரும் குழாயிலோ தொட்டியிலோ கோளாறு. மட்டம் அப்படியே இருந்து, ஆனால் மோட்டார் போட்டதும் தண்ணீர் தொட்டியில் விழ முன்பைவிட நேரமாகிறது என்றால் ஏற்றுகிற குழாயைச் சந்தேகப்படுங்கள். கிணற்றுக் குழாயின் அடிநுனியில் தண்ணீர் திரும்ப வடியாமல் தடுக்கும் ஃபுட் வால்வு கெட்டாலும் இப்படி ஆகும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஈரம் தெரிந்த இடத்திலேயே தோண்டினோம். அங்கே குழாய் நன்றாக இருக்கிறதே?

பதில்: இருக்கும். குழாய் புதைக்கத் தோண்டிய பள்ளத்தில் மண் எப்போதும் கொஞ்சம் இளகியே கிடக்கும். கசிந்த தண்ணீர் அதன் வழியாகவே ஓடி, தாழ்வான இடத்தில் தலைகாட்டும். ஒரு வீட்டில் வேலியோரப் புல் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. ஓட்டை பதினைந்து அடி தள்ளி, மேட்டுப் பக்கம், ஒரு எல்போ மூட்டில்.

ஊர் அடங்கிய பிறகு, வெளியே தெரிகிற குழாயில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக் கேளுங்கள். விடாமல் 'ஸ்ஸ்' என்று வந்தால் கசிவு பக்கத்தில்தான். இரும்புக் குழாயில் நன்றாகக் கேட்கும்; பிளாஸ்டிக்கில் சத்தம் சீக்கிரம் செத்துவிடும். தோண்டும் முன் மின் கேபிள், கேஸ் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பிவிசி குழாயில் விரிசல். பசை பூசினேன், மூன்றே நாளில் மறுபடி ஒழுகுகிறது தம்பி.

பதில்: ஈரத்தின் மேல் பூசியிருப்பீர்கள் அம்மா. பூச்சு வேலையே வேண்டாம், அந்தத் துண்டை அறுத்து எடுத்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்தி, குழாய்க்கு அடியிலும் கை நுழையும்படி தோண்டி, இரண்டு பக்கமும் நல்ல குழாய் வரும்வரை அறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் புதுத் துண்டு வைத்து, இரண்டு முனையிலும் கப்ளர், அதாவது குழாய்களை இணைக்கும் உறை, போட வேண்டும். புதைந்த குழாயை இழுத்து வளைக்க முடியாது என்பதால் சாதாரண கப்ளர் நுழையாது. உள்ளே தடுப்பு இல்லாத ரிப்பேர் கப்ளர் இரண்டு வேண்டும். அது குழாய்மேல் முழுதாக வழுக்கிப் போகும்.

முனையில் பிசிர் எடுத்து, காயத் துடைத்து, குழாயின் வெளிப்பக்கம், கப்ளரின் உள்பக்கம் இரண்டிலும் சால்வென்ட், அதாவது குழாய் ஒட்டும் பசை, தடவி, நுழைத்துக் கால் சுற்று திருப்பி அரை நிமிடம் பிடித்திருங்கள். விட்டால் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசி குழாய்க்கு அதற்குரிய சால்வென்ட்தான். நான் ஒரு இரவு காயவிட்டுத்தான் தண்ணீர் விடுவேன். விட்டதும் உடனே மண் மூடாதீர்கள். மூட்டுக்கு அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள், ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும். மூடும்போது முதலில் மணல். கல் குழாயைத் தொடக்கூடாது.

கேள்வி: மீட்டர் அசையவில்லை, ஆனால் முற்றத்து ஈரம் நாறுகிறது.

பதில்: கழிவுநீர்க் குழாய். அது மீட்டரில் தெரியாது. பக்கத்தில் மரம் இருந்தால் வேர் மூட்டுக்குள் புகுந்திருக்கலாம்.

கேள்வி: குடிதண்ணீர்க் குழாயில் சின்னக் கசிவுதானே, கொஞ்ச நாள் விட்டுவைக்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் விழும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கிய சேறு உள்ளே போகும், பக்கத்தில் சாக்கடை இருந்தால் அதுவும். தண்ணீர் வந்ததும் முதல் குடம் கலங்கலாக இருந்தால் குடிக்காதீர்கள். இன்றைக்கே ஆள் கூப்பிடுங்கள்.