படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 36, உயரம் 5 அடி 4 அங்குலம், வலது கை ஆட்டம். இரண்டு வருடமாக டென்னிஸ் ஆடுகிறேன், கோச் இல்லை. என் சர்வ் பாதிக்கு மேல் நெட்டில்தான் விழுகிறது. மூன்று மாதமாக மொபைலில் வீடியோ எடுத்துப் பார்த்துத் திருத்த முயல்கிறேன். பார்க்கப் பார்க்கக் குறைகள்தான் கூடுகின்றன. முழங்கை மடங்குகிறது, முழங்கால் மடங்கவில்லை, தலை குனிகிறது, இடுப்பு பின்னால் போகிறது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? ஒரு வீடியோ இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி

பதில்: உங்கள் வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் எல்லாமே அதில் இருக்கின்றன. உங்கள் கண்ணில் பிழையில்லை. ஆனால் நான்கையும் நான்கு வேலையாக எடுத்துக்கொண்டதால்தான் இந்தச் சோர்வு. என் கணக்கில் திருத்த வேண்டியது ஒன்றுதான். அது பந்தை அடிக்கும் இடத்தில் இல்லை, அதற்கு ஒரு விநாடி முன்னால் இருக்கிறது.

வீடியோவைத் திறந்து, ராக்கெட் பந்தைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். முழங்கை மடங்கி, பந்து நெற்றிக்குச் சற்று மேலே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு ஃப்ரேமாகப் பின்னால் தள்ளுங்கள். ராக்கெட் முதுகுப் பக்கம் இருக்கும்போதே பந்து இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் பின்னால் போங்கள். பந்து தன் உச்சியில் நிற்கும் ஃப்ரேம் வரும். நீங்கள் கையையும் ராக்கெட்டையும் முழுக்க நீட்டினால் எட்டும் உயரத்துக்கு அது வரவே இல்லை, ஒரு சாண் குறைகிறது. இன்னும் கொஞ்சம் பின்னால், இடது கையைப் பாருங்கள். மார்பு உயரத்திலேயே மணிக்கட்டைச் சுண்டிப் பந்தை விட்டுவிட்டீர்கள். விட்ட கையோடு இடது கை வயிற்றுக்கு இறங்கிவிட்டது. பந்து தாழ்வாகவும் தலைக்குப் பின்பக்கமாகவும் போகிறது. அதைத் துரத்தித்தான் முழங்கை மடங்குகிறது, தலை குனிகிறது, இடுப்பு பின்னால் போகிறது. பந்து உச்சிக்குப் போய் வர நேரமே இல்லாதபோது முழங்கால் எப்படி மடங்கும்? உங்கள் உடல் அந்த மோசமான டாஸுக்கு, அதாவது அடிப்பதற்காகப் பந்தை மேலே எறிந்த விதத்துக்கு, தன்னால் முடிந்த அளவு ஈடுகொடுத்துக்கொண்டிருக்கிறது. முழங்கையை மட்டும் வலுக்கட்டாயமாக நீட்டினால் பந்தே மாட்டாது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுவது இதனால்தான்.

சர்வ் வீடியோவைப் பின்னோக்கி ஓட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். முன்னோக்கி ஓட்டினால் கண் பந்தின் பின்னாலேயே போய்விடும். பின்னோக்கி வரும்போது, எந்த ஃப்ரேமில் முதன்முதலாகக் கோணல் விழுந்தது என்று தெரியும். அதைத் திருத்தினால் போதும், அதற்குப் பின்னால் வருவதில் பெரும்பகுதி தானே நேராகும்.

தாழ்வாக அடிப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். நீங்கள் நின்று சர்வ் போடும் பின்கோடான பேஸ்லைனிலிருந்து நெட் 11.885 மீட்டர். எதிர்ப்பக்கத்தில் சர்வ் தாண்டக் கூடாத சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 6.40 மீட்டர். நெட்டின் நடு உயரம் 91.4 சென்டிமீட்டர். இதை வைத்துக் கணக்குப் போட்டால், பந்து நேர்கோட்டில் போய் நெட்டை உரசிக்கொண்டு சர்வீஸ் கோட்டில் விழ, சுமார் 2.6 மீட்டர் உயரத்தில் அடித்தாக வேண்டும். உங்கள் உயரத்துக்குக் கையும் ராக்கெட்டும் முழுக்க நீண்டாலே ஏறக்குறைய இரண்டரை மீட்டர்தான் வரும். முழங்கை மடங்கினால் அதிலும் குறையும். ஆகவே பந்தைக் கீழே பார்த்து அடித்தால் நெட்டுக்குத்தான் போகும். பந்தைக் கொஞ்சம் மேல்நோக்கித்தான் அனுப்ப வேண்டும், கீழே இறக்குவதைப் புவியீர்ப்பும் பந்தின் சுழற்சியும் பார்த்துக்கொள்ளும். பந்து தலைக்குப் பின்னால் இருக்கும்போது, அதை எப்படியாவது முன்னால் கொண்டுவரக் கை கீழ்நோக்கித்தான் இழுக்கும். உங்கள் பந்துகள் நெட்டில் விழும் கதை இதுதான்.

சரி, டாஸை எப்படித் திருத்துவது? பந்தை உள்ளங்கையில் பொத்தாமல் விரல் நுனிகளில் பிடியுங்கள். முழங்கையும் மணிக்கட்டும் அசையாமல், தோளிலிருந்து முழுக் கையையும் உயர்த்துங்கள். கை கண் உயரத்துக்கு வரும்போது விரல்கள் விரிந்து பந்து தானாகப் போகட்டும். அதற்குப் பிறகும் கை மேலேயே போகட்டும், பந்தைக் காட்டிக்கொண்டு ஒரு கணம் அங்கேயே நிற்கட்டும். அடிக்காமல் விட்டால் பந்து பேஸ்லைனுக்கு உள்ளே, ஓரடி முன்னால் விழ வேண்டும். முதல் ஒரு வாரம் இதை அடிக்காமலேயே செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், தெரியும். ஆனால் ஆட்டத்தில் எதிராளி கை வைக்க முடியாத அடி சர்வ் ஒன்றுதான். முழுக்க உங்களுடையது.

எவ்வளவு உயரம் போட வேண்டும் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. ஸ்டெஃபி கிராஃப் பந்தை மிக உயரமாக எறிந்துவிட்டு அது இறங்கி வரக் காத்திருப்பார். கோரன் இவானிசெவிச் பந்து உச்சியைத் தொட்ட மாத்திரத்தில் அடித்துவிடுவார். இருவருமே விம்பிள்டன் வென்றவர்கள். ஒரு மீட்டர் கீழே இறங்கி வரும் பந்து மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் உங்களைக் கடக்கும். உச்சியிலிருந்து 20 சென்டிமீட்டர் மட்டும் இறங்கும் பந்துக்கு அதில் பாதி வேகம்கூட இருக்காது. தொடங்குபவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதாவது, நீட்டிய ராக்கெட்டைவிடச் சற்றே உயரம்.

இனி வீடியோ எடுக்கும் முறை. நீங்கள் அனுப்பியது சாதாரண வேகத்தில், விநாடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தது. பந்து ராக்கெட்டின் நரம்புகளில் இருப்பது சுமார் 5 மில்லி விநாடி. 30 ஃப்ரேமில் இரண்டு படங்களுக்கு இடையே 33 மில்லி விநாடி ஓடிவிடும். அதற்குள் ராக்கெட்டின் தலை முக்கால் மீட்டர்வரை நகர்ந்துவிடும். அதனால்தான் அடிக்கும் கணம் உங்கள் படத்தில் வெறும் மங்கலாக நிற்கிறது. மொபைலின் ஸ்லோமோஷனில் 240 ஃப்ரேம் இருந்தால் அதில் எடுங்கள், நல்ல வெயிலில் எடுங்கள். வெளிச்சம் குறைந்தால் ஸ்லோமோஷனிலும் ராக்கெட் கரைந்துதான் தெரியும்.

மொபைலை யாரும் கையில் பிடிக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் ட்ரைபாடில், செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்தால் டாஸின் உச்சி வெட்டுப்படும். இரண்டு கோணம் போதும். ஒன்று, பேஸ்லைனின் நேர்நீட்சியில் உங்கள் வலப்பக்கமாக, ஐந்தாறு மீட்டர் தள்ளி. டாஸ் முன்னால் போகிறதா, முழங்கால் மடங்குகிறதா, கால் கோட்டை மிதிக்கிறதா என்பது இங்கே தெரியும். இன்னொன்று, நேர் பின்னாலிருந்து. டாஸ் இடது வலதாக அலைவதை இதில் பார்க்கலாம். அப்புறம் கிரிப்பையும், அதாவது ராக்கெட்டைப் பிடித்திருக்கும் விதத்தையும், பார்க்கலாம். பந்தைத் தொடுவதற்குச் சில ஃப்ரேம் முன்பு ராக்கெட் தன் விளிம்பைப் பந்துக்குக் காட்டிக்கொண்டு வர வேண்டும். தட்டு ஏந்துவதுபோல நரம்புகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஃபோர்ஹேண்ட் கிரிப்பில் சர்வ் போடுகிறீர்கள் என்று அர்த்தம். சுத்தியலைப் பிடிப்பதுபோல ராக்கெட்டைப் பிடிக்கும் கான்டினென்டல் கிரிப்புக்கு மாறும் நாள் அது. ஆனால் அதை டாஸ் திருந்திய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தடவையும் பத்து சர்வ் தொடர்ந்து எடுங்கள், அழகாக விழுந்ததை மட்டும் பொறுக்காதீர்கள். ஒவ்வொரு சர்வுக்குப் பிறகும் கேமராவுக்கு விரலைக் காட்டுங்கள்: உள்ளே விழுந்தால் ஒன்று, நெட் என்றால் இரண்டு, நீளமாகப் போனால் மூன்று. வீட்டில் பார்க்கும்போது, ஒரு விரல் காட்டிய சர்வுகளில் டாஸின் உச்சி எங்கே, இரண்டு விரல் காட்டியவற்றில் எங்கே என்று ஒப்பிடலாம். உங்களுக்கு நீங்களே உதாரணம், எந்தப் பெரிய வீராங்கனையின் வீடியோவும் அருகில் தேவையில்லை. பார்ப்பதற்கு முன் “பந்து என் முன்னால்தான் இருந்தது” என்பதுபோல உங்கள் மனதில் பட்டதை எழுதிவையுங்கள். உடல் சொல்வதற்கும் படம் காட்டுவதற்கும் உள்ள இடைவெளி ஆரம்பத்தில் அதிர்ச்சியாக இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் போதும். ஒவ்வொரு பந்துக்கும் ஓடிப்போய்ப் பார்த்தால் கை இறுகிவிடும். தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், வீடியோவுக்காக இன்னும் இரண்டு என்று போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் சோர்வு தெரிகிறது. அரினா சபலென்கா 2022-ல் டபுள் ஃபால்ட்களால், அதாவது இரண்டு சர்வும் தவறிப் புள்ளியை இழப்பதால், திண்டாடினார். உடலியக்க நிபுணர் ஒருவரோடு உட்கார்ந்து தன் சர்வின் அசைவுகளைத் திருத்திக்கொண்டார். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் அவர் கையில் இருந்தது. உலகின் முன்னணியில் இருந்தவரே சர்வைப் பிரித்துப் பார்க்கத் தயங்கவில்லை.

மூன்று வாரம் கவனம் டாஸில் மட்டும். முழங்கையை மறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வலப்பக்கக் கோணத்தில், ஸ்லோமோஷனில் பத்து சர்வ் எடுத்து எனக்கு அனுப்புங்கள், இரண்டு விரல் காட்டியதையும் சேர்த்து.