மலேசியா, தாய்லாந்து வரை ஓட்ட ஒரு பழைய 650 சிசி: எந்த வண்டி, எந்தப் பணத்தில்?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 38. யீஷூனில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன்; என் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. மத்திய சேம நிதி போகக் கையில் வருவது 4,600 வெள்ளி. மாதச் செலவு 3,400 வெள்ளி. வங்கியில் 31,000 வெள்ளி இருக்கிறது. வேலைக்கு நிறுவனப் பேருந்தில் போய் வருகிறேன். வகுப்பு 2 ஓட்டுநர் உரிமம் பெற்று ஓராண்டு ஆகிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது கேமரன் மலை, பினாங்கு என்று நீண்ட பயணம் போகவும், ஒருமுறை சியாங் மாய் வரை ஓட்டவும் ஆசை. இரண்டு வண்டிகள் பார்த்திருக்கிறேன். ஒன்று, கடையில் உள்ள வெர்சிஸ் 650: 21,000 கிலோமீட்டர் ஓடியது, சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் 7 ஆண்டு, விலை 16,800 வெள்ளி. இதற்கு 4,800 முன்பணம் கட்டினால், மீதி 12,000 வெள்ளிக்கு 5.5 சதவீத வட்டியில் 5 ஆண்டுத் தவணை என்கிறார்கள். மற்றொன்று, தெரிந்தவரின் வி-ஸ்ட்ராம் 650: 46,000 கிலோமீட்டர், சிஓஇ 3 ஆண்டு 4 மாதம், விலை 7,400 வெள்ளி, ரொக்கம். புதிய வண்டியே நல்லது என்கிறார் தம்பி. எதை வாங்கலாம்?

பதில்: வணக்கம். இரு வண்டிகளின் பதிவு விவரங்களையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. பலரும் படத்தையும் விலையையும் மட்டும் அனுப்பிவிட்டு முடிவைக் கேட்பார்கள். தம்பியின் கருத்துக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன், சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் வாங்குபவர் தம் பணத்துக்கு என்ன பெறுகிறார் என்பதைப் பார்த்துவிடுவோம்.

இறக்குமதி மதிப்பு 9,000 வெள்ளியுள்ள ஒரு புதிய வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதக் கலால் வரியும், அதன்மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேர்ந்தால் ஏறக்குறைய 10,990 வெள்ளியாகிறது. கூடுதல் பதிவுக் கட்டணம் இறக்குமதி மதிப்பின் முதல் 5,000 வெள்ளிக்கு 15 சதவீதம், அடுத்த 5,000 வெள்ளிக்கு 50 சதவீதம் என்று கணக்கிடப்படுவதால் இன்னொரு 2,750 வெள்ளி ஏறுகிறது. சிஓஇ 9,000 வெள்ளி என்று வைத்தால், விற்பவரின் லாபத்துக்கு முன்பே விலை 22,700 வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. காருக்கு இந்தக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க வழியுண்டு. மோட்டார்சைக்கிளுக்கு அது கிடையாது. சிஓஇயின் பத்தாண்டுக் கெடு முடியும் நாளில் உங்கள் வண்டிக்கு உலோக விலையும் உதிரிபாக விலையும்தான் மிஞ்சும். ஆகவே பழைய வண்டியின் விலையை, அதில் மீதமிருக்கும் ஆண்டுகளின் விலையாகவே படிக்க வேண்டும்.

அப்படிப் படித்தால், வெர்சிஸுக்கு ஆண்டுக்கு 2,400 வெள்ளி; வி-ஸ்ட்ராமுக்கு 2,220 வெள்ளி. கடைக்காரரின் விலை ரொக்கமாகக் கட்டுபவருக்கு நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் ரொக்கமாகக் கட்டப்போவதில்லை. அவர் சொல்லும் 5.5 சதவீதம் நிலையான வட்டி, அதாவது நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், ஐந்து ஆண்டுகளுக்கும் முழு 12,000 வெள்ளியின் மீதே வட்டி கணக்கிடப்படுகிறது. மொத்த வட்டி 3,300 வெள்ளி, மாதத் தவணை 255 வெள்ளி. குறையும் அசலை வைத்துப் பார்த்தால் உண்மையான வட்டி விகிதம் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம். அந்த 3,300 வெள்ளியையும் சேர்த்தால் வெர்சிஸ் ஆண்டுக்கு 2,870 வெள்ளியாகிறது. வேலைக்கு ஓட்டிச் செல்லாத வண்டிக்கு, இன்னொன்றைவிட ஆண்டுக்கு 650 வெள்ளி கூடுதலாகத் தருவதற்கான காரணம் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை. மாதம் மிஞ்சும் 1,200 வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தவணைக்கே போய்விடும் என்பதையும் வீட்டில் கலந்து பேசுங்கள்.

வெர்சிஸின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. நீங்கள் அனுப்பிய விவரப்படி அதன் சிஓஇக்கு 9,500 வெள்ளி கட்டப்பட்டிருக்கிறது. கெடு முடியுமுன் பதிவை ரத்து செய்தால், மீதமுள்ள மாதங்களுக்கேற்ற பங்கு திரும்பக் கிடைக்கும். இரண்டு ஆண்டில் மனம் மாறினால், வாங்க ஆளே இல்லாவிட்டாலும் 4,750 வெள்ளி கைக்கு வரும். வி-ஸ்ட்ராமின் சிஓஇ 3,600 வெள்ளிக்கு எடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து அதில் மிஞ்சுவது 480 வெள்ளிதான். அதனால் முதல் வண்டி, பாதியில் கைவிடக்கூடியவருக்குச் சற்றுப் பாதுகாப்பானது. ஆனால் ஈராண்டில் கைவிடக்கூடும் என்ற ஐயம் இருப்பவர் எதற்காக ஐந்தாண்டுக் கடனில் இறங்க வேண்டும் என்பது என் கேள்வி.

உங்கள் சேமிப்பைப் பார்ப்போம். ஒருவர் சம்பாத்தியத்தில் நால்வர் வாழும் வீட்டில் ஆறு மாதச் செலவு, அதாவது 20,400 வெள்ளி, தொடப்படாமல் இருக்க வேண்டும். எஞ்சுவது 10,600 வெள்ளி. வி-ஸ்ட்ராமுக்கு 7,400, நீங்கள் விசாரித்த காப்புறுதிச் சந்தா 780, பழுதுபார்ப்புக்கு ஒதுக்க 1,800 என்று போட்டால் 9,980 வெள்ளி. கணக்குப் பொருந்துகிறது, ஆனால் இறுக்கமாகத்தான் பொருந்துகிறது. சாலை வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த அளவு இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 170 வெள்ளியைத் தாண்டாது.

அந்த 1,800 வெள்ளியைக் குறைத்துவிடாதீர்கள். மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறதே, அதில் தேறிய வண்டிதானே என்று நினைக்க வேண்டாம். அது பிரேக், விளக்கு, புகை போன்றவை சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கானது, 2,500 கிலோமீட்டர் பயணத்துக்கு வண்டி தகுதியானதா என்று சொல்வதற்கானது அல்ல. காக்கி புக்கிட், உபி பக்கம் விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறையில் காட்டுங்கள். இந்த ரக வண்டிக்கு 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். 46,000 ஓடிய வண்டிக்கு இரண்டாம் தவணை நெருங்கிவிட்டது. முதல் தவணை செய்யப்பட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் செய்யப்படவில்லை என்றே வைத்து விலையைப் பேசுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். கோடு ஆழமாக இருந்தும் ரப்பர் கெட்டித்துப்போன டயர்கள், அதிகம் ஓடாத வண்டிகளில்தான் கிடைக்கும். செயின், பல்சக்கரம், முன் ஃபோர்க்கின் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பட்டறைக்காரர் தாமாகவே பார்த்துவிடுவார்.

கெடு முடிந்தபின் சிஓஇயைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த நம்பிக்கையை இன்றைய விலைக்குள் கொண்டுவராதீர்கள். புதுப்பிக்க, அந்நேரத்தின் மூன்று மாதச் சராசரிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். மோட்டார்சைக்கிள் சிஓஇ 2022-ன் பிற்பகுதியில் 13,000 வெள்ளியைத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். பாதிக் கட்டணத்தில் ஐந்தாண்டு மட்டும் புதுப்பித்தால், அதன்பின் மறுபடி புதுப்பிக்க முடியாது. மூன்றாண்டு கழித்துப் பிள்ளைகளின் பள்ளிச் செலவு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்து அப்போது முடிவெடுங்கள்.

காப்புறுதியில்தான் உங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை இருக்கிறது. சிங்கப்பூரின் பெரும்பாலான மோட்டார் காப்புறுதிகள், மேற்கு மலேசியாவையும் அதன் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரையுள்ள தாய்லாந்துப் பகுதியையும் மட்டுமே உள்ளடக்குகின்றன. ஹட்யாய் அதற்குள் அடங்கும். கிராபி, புக்கெட், சியாங் மாய் அடங்கா. சாலைக்குச் சட்டப்படி தேவையான தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியை எல்லையில் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். ஆனால் அது மனிதக் காயத்துக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை மட்டுமே பணம் தரும், உங்கள் வண்டிக்கோ நீங்கள் இடித்த வண்டிக்கோ தராது. சியாங் மாய் போகும் முன் காப்புறுதி செல்லும் எல்லையை நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்று உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உங்கள் சொந்தத் தனிநபர் விபத்துக் காப்புறுதியையும், பயணக் காப்புறுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மோட்டார்சைக்கிள் ஓட்டும்போது நேரும் விபத்துக்கு இழப்பீட்டைக் குறைக்கும் அல்லது மறுக்கும் ஷரத்துகள் சிலவற்றில் உண்டு. இரண்டு பிள்ளைகளின் தந்தைக்கு இது வண்டியின் நிறத்தைவிட முக்கியமான விஷயம்.

கடனில் வாங்கிய வண்டிக்கு இன்னொரு தொல்லை உண்டு: அதைத் தாய்லாந்துக்குள் கொண்டு போகக் கடன் தந்த நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படும். ரொக்கத்தில் வாங்கினால் அந்தத் தாளுக்கு அலைய வேண்டியதில்லை.

ஓர் இடைச்செருகல். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது, வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். ஒருவர் மட்டும் செல்லும் பயணத்துக்கு நல்ல 400 சிசியே போதும் என்பது என் எண்ணம். 400 சிசி வரை மட்டுமே ஓட்டக்கூடிய வகுப்பு 2ஏ உரிமக்காரர்கள் எல்லாரும் அந்த அளவிலேயே தேடுவதால் அவற்றின் விலை எளிதில் இறங்குவதில்லை. உங்களிடம் வகுப்பு 2 இருப்பதால், அந்தப் போட்டியில் நிற்காமல் 650-ஐப் பார்ப்பது பணத்தின் பார்வையில் சரியே. பெட்ரோல் கணக்கில் மட்டும் கவனம் தேவை. சிங்கப்பூர்ப் பதிவு வண்டிகள் மலேசியாவில் ரோன்95 ரகப் பெட்ரோல் நிரப்பக் கூடாது. ரோன்97 விலையைப் போட்டுப் பயணச் செலவைக் கணக்கிடுங்கள்.

ஆகவே, பட்டறையில் பெரிய குறை எதுவும் தெரியாவிட்டால், வி-ஸ்ட்ராமை ரொக்கத்தில் வாங்குங்கள். விலையை 7,000-க்கு இறக்கக் கேளுங்கள்; நெருங்கும் வால்வுச் செலவே அதற்கு நியாயமான காரணம். தம்பி சொல்வது தவறில்லை, புதிய வண்டி இனிமையானதுதான். ஆனால் அந்த இனிமைக்குரிய பணம் இன்று உங்களிடம் இல்லை, கடனாகத்தான் வருகிறது. தெரிந்தவர் என்பதற்காக ஆவணங்களைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். வண்டி எண்ணை வைத்து நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையச் சேவையில் பதிவு விவரங்களை மறுபடி பாருங்கள். வண்டியின் மேல் கடன் பாக்கி இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதியை உங்கள் பெயரில் முதலில் எடுத்து, பிறகு உரிமை மாற்றத்தைச் செய்து, அது முடிந்ததும் மீதிப் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள்.