வைஃபைக்கு இழுத்த கம்பியில் கேபிள் டிவி ஓடுமா?

வேலூர் காந்தி ரோட்டுக்கு அருகே மூன்று மாடிகளும் 18 அறைகளும் கொண்ட விடுதியை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "அறைதோறும் வைஃபைக்காக கேட்-6 கேபிள் இழுத்திருக்கிறோம். கேபிள் டிவியையும் அதிலேயே அனுப்பினால் சுவரை மறுபடி உடைக்க வேண்டாமே?"

அனுப்ப முடியும், ஆனாலும் உங்கள் விடுதிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேபிள் டிவிக்கான கோஆக்சியல் கேபிளின் மின்மறுப்பு (சிக்னலுக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு) 75 ஓம், கேட்-6 கம்பி இணைகளுக்கோ 100 ஓம் என்பதால், இரு முனைகளிலும் பாலன் எனப்படும் சிறு மாற்றியைப் பொருத்த வேண்டும். அது பெரிய வேலையல்ல. உண்மையான சிக்கல் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது. கேபிள் டிவி சிக்னல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லக்கூடியது. கேட்-6 கேபிளோ 250 மெகாஹெர்ட்ஸ் வரைக்கே வரையறுக்கப்பட்டது. அந்த 250இலேயே அது 100 மீட்டருக்கு ஏறத்தாழ 33 டெசிபல் இழக்கும். கேபிள் டிவிக்கு வழக்கமாக இழுக்கும் ஆர்ஜி-6 கோஆக்சியல் இழப்பது சுமார் 11 டெசிபல். மூன்று டெசிபல் குறைந்தாலே சிக்னலின் திறன் பாதியாகிவிடும். டிஜிட்டல் சிக்னல் பழைய அனலாக்கைப் போல மெல்ல மங்கி எச்சரிக்கை தருவதில்லை. ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். மேலும், கிகாபிட் இணையம் கேபிளின் நான்கு இணைகளையும் எடுத்துக்கொள்வதால், டிவிக்கு ஓர் இணையை ஒதுக்கினால் இணையத்தின் வேகத்தை 100 மெகாபிட்டுக்கு இறக்க நேரும்.

ஒரே செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ எக்ஸ்டென்டர் (படத்தையும் ஒலியையும் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கருவி) வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பலாமே என்று சிலர் சொல்வார்கள். அப்போது எல்லா அறைகளிலும் ஒரே சேனல்தான் ஓடும். சிஎம்சி மருத்துவமனைச் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் தத்தம் மொழிச் சேனலைத்தான் கேட்பார்கள். சிக்னல் குறியாக்கம் செய்யப்பட்டு (பூட்டப்பட்டு) வருவதால், தனித்தனிச் சேனல் வேண்டுமானால் அறைக்கொரு பாக்ஸ் தவிர்க்க முடியாதது.

எனவே கேட்-6ஐ இணையத்துக்கே விட்டுவிட்டு, டக்ட் வழியாக ஆர்ஜி-6 ஒன்றை இறக்கி, மாடிக்கொரு டேப் (சிக்னலில் ஒரு பங்கை அறைகளுக்கு எடுத்துத் தரும் சிறு கருவி) வைத்துப் பிரித்துக்கொடுங்கள். சிக்னல் நுழையும் இடத்துக்கு அருகில் டெசிபல் மதிப்பு கூடிய (குறைவான பங்கை எடுக்கும்) டேப்பும், தொலைவில் மதிப்பு குறைந்ததும் வர வேண்டும். பயன்படுத்தாத முனைகளை 75 ஓம் டெர்மினேட்டரால் மூடிவிடுங்கள். பூஸ்டர் தேவைப்பட்டால் அதன் இடம் தொடக்கத்தில்தான். கடைசி அறையில் வைத்தால், மெலிந்த சிக்னலோடு சேர்ந்திருக்கும் இரைச்சலையும் அது பெருக்கிவிடும் (நம் ஊரில் வழக்கமாக நடப்பது இதுதான்). சுவரை உடைக்காமல் பிவிசி கேசிங் பட்டிக்குள் கம்பியைக் கொண்டுசெல்லலாம். ஆனால் பட்டியை மூடுவதற்கு முன், கடைக்கோடி அறையின் சிக்னலை மீட்டரில் அளந்து காட்டும்படி ஆபரேட்டரிடம் கேளுங்கள்.