வயலுக்குள் பழைய பீரங்கி மேடை: இடிக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் எசெக்ஸில் இரண்டு வருடம் முன்பு மைத்துனரோடு சேர்ந்து பண்ணை நிலம் வாங்கினேன். அதில் இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்பு பீரங்கிகள் நின்ற எண்கோண கான்கிரீட் மேடைகள் நான்கு கிடக்கின்றன. உடைத்துவிட்டு ஆட்டுக் கொட்டகை போட நினைக்கிறோம். பக்கத்து நிலத்துக்காரர், "கை வைத்தால் கேஸ்" என்கிறார். எங்கள் நிலம்தானே?

பதில்: அவர் சொல்வது சரியாக இருக்கலாம். இடிக்க ஆள் சொல்லியிருந்தால் முதலில் நிறுத்துங்கள்.

பாசி பிடித்த கான்கிரீட்டை யார் பாதுகாப்பார்கள் என்று தோன்றும். ஆனால் உங்கள் எசெக்ஸிலேயே, ஈஸ்ட் டில்பரி பக்கம் பவாட்டர்ஸ் பண்ணையில் உள்ள பீரங்கித் தளம் அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னம். உங்களுடையதும் அப்படியா என்பதை பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இணையப் பட்டியலில் இலவசமாகப் பார்க்கலாம். வரைபடத்தில் எல்லைக்கோட்டையும் பாருங்கள். மேடையைத் தொடாமல் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டினாலும், அது கோட்டுக்குள் என்றால் அனுமதி வேண்டும்.

பட்டியலில் இருந்தால், 1979ஆம் ஆண்டு தொல்சின்னங்கள் சட்டப்படி அனுமதி இல்லாமல் இடிப்பது குற்றம். உரிமையாளர் என்பதால் விலக்கு கிடையாது. வேண்டுமென்றே சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம். அனுமதி கேட்கக் கட்டணம் இல்லை. ஆனால் ஆட்டுக் கொட்டகைக்காக முழுதாக இடிக்க விடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு ஆறுதல்: அதைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும்படி இந்தச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. நினைவுச்சின்னம் என்பது உள்ளாட்சி நிலப் பதிவேட்டில் ஏற வேண்டிய விஷயம். நிலம் வாங்கும்போது உங்கள் வழக்கறிஞர் அந்தப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தாரா? அந்தக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பதிவு இருந்தும் உங்களிடம் சொல்லவில்லை என்றால், கவனக்குறைவுக்காக அவரிடம் இழப்பீடு கேட்கலாம். பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டியலில் இல்லையா? அப்புறமும் கொட்டகைக்கும் இடிப்புக்கும் என்ன அனுமதி தேவை என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள். குண்டு வைத்திருந்த இருட்டறைகளில் வௌவால் தங்கியிருந்தால் அதற்குத் தனிச் சட்டம். அதைக் கலைப்பதே குற்றம். தோண்டும்போது பழைய குண்டு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் விலகி வந்து அவசர எண் 999க்கு அழையுங்கள்.