பரணில் கிடக்கும் பழைய கணினியை முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: நீலகிரியில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் 1990-களின் தொடக்கத்தில் வாங்கிய கணினி ஒன்றும், ஒரு பெட்டி நிறைய ப்ளாப்பிகளும் (அந்தக் காலத்தில் கோப்புகளைச் சேமித்த காந்த வட்டுகள்) கிடக்கின்றன. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா, அல்லது காப்பாற்றத் தகுந்தவையா?

எடைக்குப் போடாதீர்கள். அதைவிட முக்கியமாக, ஓடுகிறதா பார்ப்போம் என்ற ஆவலில் மின்சாரமும் கொடுக்காதீர்கள். குன்னூரில் இருந்துகொண்டு பழைய கணினிகளைத் தேடிச் சேர்த்துப் பழுது நீக்கி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் மலையில் காயலான் கடைத் தராசு அழித்ததைவிட, ஆர்வத்தில் தட்டிய சுவிட்சு அழித்த இயந்திரங்களே அதிகம்.

காரணம் ஈரம். கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் ஊற்றும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். மழை விட்ட நாட்களில் மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சமவெளியில் ஒரு கோடை உலர்த்திவிடும் ஈரம், இங்கே பரணிலும் கிடங்கிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. எனவே முதல் வேலை, பெட்டியைக் கீழே இறக்கி, உலர்ந்த அறையில் ஒரு நாள் முழுவதும் சும்மா வைப்பதுதான். உறைபனிக் காலத்தில் குளிர்ந்து கிடந்த இரும்புப் பெட்டியை மேட்டுப்பாளையம் வெக்கைக்கு இறக்கிய உடனே திறந்தால், அதன் உள்ளே நீர் முத்து முத்தாகப் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாவது வேலை பேட்டரி. 286, 386, 486 என்ற பழைய பிராசசர்கள் காலத்து மதர்போர்டுகள் (கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகைகள்) பலவற்றில், தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் நீல நிற உறை போட்டு, விரல் நுனி அளவில் உருளையாக இருக்கும். அது வயதானால் கசியும். கசிவில் உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, போர்டின் செம்புத் தடங்களை மெல்ல அரித்துக்கொண்டே போகும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலைக் கணக்குக்குப் பயன்பட்ட 386 ஒன்றை எடுக்கப் போனபோது, ஓய்வு பெற்ற அலுவலக எழுத்தர், “ஒரு தடவ போட்டுக் காட்டிரட்டுமா தம்பி?” என்று பிளக்கைக் கையில் எடுத்துவிட்டார். “வேண்டாங்கய்யா, முதல்ல தெறந்து பாத்துக்கலாம்” என்று தடுத்துத் திறந்தால், பேட்டரியிலிருந்து விசைப்பலகை இணைப்பு வரை பச்சை பூத்திருந்தது. பல போர்டுகளில் விசைப்பலகையைக் கட்டுப்படுத்தும் சிப் பேட்டரிக்கு அருகிலேயே இருப்பதால், கசிவின் முதல் பலி பெரும்பாலும் அதுதான். பேட்டரியை வெட்டி எடுத்து, பச்சை படிந்த இடத்தை வினிகர் தொட்ட பழைய பல் துலக்கியால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைக்க வேண்டும். வினிகரின் அமிலம் காரத்தை முறிக்கும். கழுவாமல் விட்டால் அந்த அமிலமே பிறகு அரிக்கும். அறுந்த தடங்களை மல்டிமீட்டர் வைத்துத் தேடி, மெல்லிய கம்பியால் இணைத்த பிறகுதான் அந்தப் போர்டு விசைப்பலகையை ஏற்றது. உங்கள் கணினியில் நாணயம் போன்ற தட்டை லித்தியம் பேட்டரி இருந்தால் இந்த அபாயம் மிகக் குறைவு.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் பெட்டி. 1980-களின் இயந்திரங்களில், மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட உலோகம் பூசிய காகிதக் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) இருக்கும். ரிஃபா என்ற பெயர் பொறித்தவை சேகரிப்பாளர்களிடையே உலகப் பிரசித்தம். மஞ்சள் படிந்த கண்ணாடி போன்ற அவற்றின் உறையில் மயிரிழை விரிசல் விழுந்து, அதன் வழியே காகிதம் ஈரத்தைக் குடித்துவிடும்; 230 வோல்ட் கொடுத்த சில நிமிடங்களில் வெடித்து, அறை முழுக்கப் புகையும் கெட்ட நாற்றமுமாகிவிடும். 1984-85-இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ கணினிகளிலும் இந்த வகைக் கெப்பாசிட்டர்கள் உண்டு. பழைய பள்ளி ஆய்வகத்திலிருந்து அப்படி ஒரு கணினி உங்கள் கைக்கு வந்தால் அந்தக் கெப்பாசிட்டர்களை மாற்றாமல் பிளக்கைச் செருகவே கூடாது. மாற்றிய பிறகும், ரேடியோ பழுது பார்ப்பவர்களின் பழைய முறைப்படி 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு, மதர்போர்டைக் கழற்றிவிட்டு, வேலைக்கு உதவாத ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சுமையாகக் கொடுத்துச் சோதியுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். இதில் கை பழகாதவர்கள் தாங்களே இறங்க வேண்டாம். பிக்சர் டியூப் மானிட்டரின் மூடியையும் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ப்ளாப்பிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பரணில் உண்மையான செல்வம் அந்தப் பெட்டியில்தான் இருக்கக்கூடும். ஒன்றை எடுத்து, வட்டின் பழுப்புப் பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். திருநீறு தூவியது போல வெண்புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. பூஞ்சை பிடித்த வட்டை டிரைவில் போட்டால், காந்தப் பூச்சு சுரண்டப்படும், படிக்கும் தலை அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல வட்டுக்கும் அது பரவும். 5.25 அங்குல வட்டாக இருந்தால் உறையின் மேல் விளிம்பைக் கத்தரித்து, வட்டை நடுத்துளையருகே பிடித்து வெளியே எடுத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் விரலால் மென்மையாகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வேறொரு சுத்தமான உறைக்குள் வைத்துப் படிக்கலாம். வெயிலோ ஹேர் டிரையரோ ஆகாது. படிப்பதற்கு முன்பு எழுத்துத் தடுப்பை உறுதி செய்யுங்கள்: 5.25 அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை ஒட்டி மூட வேண்டும், 3.5 அங்குலத்தில் மூலைத் துளை திறந்திருக்க வேண்டும். 360 கேபி வட்டை 1.2 எம்பி டிரைவில் படிக்கலாம், ஆனால் எழுதக் கூடாது. 1.2 எம்பி டிரைவின் தலை குறுகியது என்பதால், அது எழுதியதைப் பழைய 360 கேபி டிரைவ் பிறகு சரியாகப் படிக்காது. ப்ளாப்பி டிரைவை இன்றைய கணினியோடு சேர்க்கும் கிரீஸ்வீசில் போன்ற சிறு மின்சுற்றுப் பலகை ஒன்றை யுஎஸ்பியில் இணைத்தால், வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்துகொள்ளலாம். இன்று புரியாத வடிவத்தையும் பிறகு நிதானமாகப் பிரித்துப் படிக்க அந்தப் பதிவு உதவும். ஒவ்வொரு வட்டுக்குப் பின்னும் தலையை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

அந்தத் தேயிலைத் தொழிற்சாலை வட்டுகளில் இருந்தவை டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் கோப்புகள். இன்றைய இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ் அவற்றை நேராகத் திறக்கிறது. சிறு விவசாயிகள் கொடுத்த பச்சை இலையின் எடையும் தொகையும் வரிசை வரிசையாக வந்து நின்றன. நகலெடுத்துத் தொழிற்சாலைக்கே கொடுத்துவிட்டேன். பிறர் கணக்கு இருக்கும் வட்டைச் சேகரிப்பாளர் தன்னிடம் வைத்துக்கொள்வது முறையல்ல என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் கணினியின் ஸ்லாட்டில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் பரவும் முன் டாஸ் இயங்குதளம் இருந்த காலத்தில் டிபேஸ், வேர்டுஸ்டார் போன்ற ஆங்கில மென்பொருள்களிலேயே தமிழை உள்ளிடவும் திரையில் காணவும் வழி செய்த கார்டு அது. அதில் எழுதியவை இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டில் இருக்கும்; இன்று பயன்படும் ஒருங்குறியின் (யூனிகோடு) தமிழ்ப் பகுதி 1988-ஆம் ஆண்டு இஸ்கியை அடியொற்றியது என்பதால் மாற்றுவது எளிது. மாறாக, பின்னாளில் அச்சகங்கள் பயன்படுத்திய கோப்புகள் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடாக இருப்பதால், எழுத்துருக் கோப்பு தொலைந்தால் உரையை மீட்பது பெரும்பாடு. ஆகவே “ஃபாண்ட்ஸ்” என்று எழுதிய வட்டைக் கடைசி வரை தூக்கி எறியாதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது என்றால், என் தேர்வு பிறர் தேர்விலிருந்து சற்று மாறுபடும். 1981-ஆம் ஆண்டு ஐபிஎம் பிசியை உலகெங்கும் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எச்சிஎல், விப்ரோ, டிசிஎம் போன்ற நம் நாட்டு நிறுவனங்களின் பெட்டிகளையும், பெயரே இல்லாமல் உள்ளூரில் பொருத்திக் கொடுத்தவற்றையும், தமிழ் எழுத்து ஒட்டிய விசைப்பலகைகளையும் நாம் வைத்திருக்காவிட்டால் வேறு யாரும் வைத்திருக்கப் போவதில்லை. காயலான் கடையில் பீங்கான் உறை போட்ட பழைய பிராசசர்களைத் தங்கத்துக்காகத் தனியே பிடுங்குகிறார்கள். கம்பிகளைச் செம்புக்காக எரிக்கிறார்கள். போர்டு அங்கே போய்ச் சேர்ந்தால் திரும்ப வராது. மஞ்சளான பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மஞ்சள் அப்படியே இருக்கட்டும்.

சுத்தம் செய்தவற்றைப் பிளாஸ்டிக்கில் இறுகக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். துணிமணிக்கும் கேமராவுக்கும் நம் ஊரில் செய்வது போல, அலமாரிக்குள் ஒரு சிறிய குண்டு பல்பை எதிலும் படாமல் எரியவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றி வந்தால் போதும். மீட்கவே முடியாத மானிட்டர் இருந்தால், அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால், மின்கழிவுக்கென்று பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள்.