பழைய டெலிபோன் வயரில் லேன் ஓடுமா?

கேள்வி: வீடு கட்டியபோதே எல்லா அறைகளுக்கும் சுவருக்குள் டெலிபோன் வயர் இழுத்திருக்கிறோம். லேண்ட்லைனை எடுத்துவிட்டோம். கீழே ஹாலில் ஃபைபர் மோடம் இருக்கிறது. மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை. அந்த வயரிலேயே லேன் (கம்பிவழி நெட்வொர்க்) கொடுக்கலாமா?

பதில்: முதலில் மாடியில் உள்ள டெலிபோன் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எட்டு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியவை, உறையில் 'கேட் 5' (Cat 5) அல்லது 'கேட் 5ஈ' (Cat 5e) என்ற நெட்வொர்க் கேபிள் தர அச்சு இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இடையில் ஒட்டு இல்லாவிட்டால், இரு முனையிலும் லேன் கேபிள் செருகும் ஆர்ஜே45 சாக்கெட் மாட்டினால் வேலை முடிந்தது.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது இரண்டு அல்லது நான்கு கம்பி வயர்தான். ஜிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) லேனுக்கு நான்கு ஜோடிகள் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும் என்பதால் நான்கு கம்பியில் முயன்று பார்க்கத் தோன்றும். கம்பிகள் முறுக்கப்படாமல் இருந்தால் அது வீண்வேலை. வெளியிலிருந்து வரும் இரைச்சலை ரத்து செய்வதே அந்த முறுக்குதான். அது இல்லாவிட்டால் லிங்க் விளக்கு எரியும், ஆனால் ஃபேனோ மோட்டாரோ ஓடும்போது இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

அந்த வயரை இழுகயிறாகப் பயன்படுத்துங்கள் என்பதே என் யோசனை. ஒரு முனையை மெதுவாக இழுங்கள். மறுமுனை அசைந்தால் வயர் பைப்புக்குள் தாராளமாக இருக்கிறது. புதுக் கேபிளின் கம்பிகளை அதோடு சேர்த்து முறுக்கி, நுனி கூராக அமையும்படி இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஒருவர் இழுக்க, இன்னொருவர் மறுபக்கம் தள்ளித் தர வேண்டும். பிளக்கைக் கேபிள் வந்த பிறகே கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பழைய வயர் அறுந்தால், பைப்புக்குள் வயர் இழுக்க எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் ஸ்பிரிங்தான் கதி. நடுவழியில் ஜங்ஷன் பாக்ஸ் இருந்தால் அங்கே திறந்து, பகுதி பகுதியாக இழுங்கள். வளைவு அதிகமுள்ள பைப்பில் விறைப்பான கேட் 6-ஐவிட கேட் 5ஈ சுலபமாக நுழையும்; 100 மீட்டர் வரை ஜிகாபிட்டும் தரும். கடையில் 'முழுச் செம்பு' என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான், ஆனால் இழுக்கும்போதே அறுந்துபோகலாம்.

பிளக்கில் கம்பிகளைச் சொருகும்போது வண்ண வரிசையில் கவனம் தேவை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி 3, 6-ஆம் இடங்களில் பிரிந்து உட்காருவதைக் கவனியுங்கள். ஜோடிகளை வரிசையாக அடுக்கிவிட்டால் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் சரியாகவே எரியும்; வேகம் மட்டும் வராது.

வயரைப் பூச்சுக்குள் புதைத்திருந்தால் அது அசையாது. அப்போது டெலிபோன் வயரிலேயே, அதுவும் ஒரே ஜோடியில், நெட்டை அனுப்பும் கருவிகளான விடிஎஸ்எல்2 (VDSL2) பிரிட்ஜ் அல்லது டெலிபோன் வயருக்கான ஜி.எச்என் (G.hn) அடாப்டர், முனைக்கு ஒன்றாக இரண்டு வாங்குங்கள். விடிஎஸ்எல் என்றால் ஒன்றை 'சிஓ' (CO, எக்ஸ்சேஞ்ச் பக்கம்), மற்றதை 'சிபிஇ' (CPE, வாடிக்கையாளர் பக்கம்) என்று வைக்க வேண்டும். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் பேசிக்கொள்ளாது. மற்ற அறைகளுக்குப் பிரியும் கிளைகளை ஜங்ஷனில் கழற்றிவிடுங்கள். சும்மா தொங்கும் கிளை சிக்னலைத் திருப்பியடித்து வேகத்தைக் குறைக்கும்.

எந்த வழியானாலும் தெருவிலிருந்து வரும் லைனை முதலில் துண்டியுங்கள். லேண்ட்லைன் சரண்டர் ஆனாலும் அதில் 48 வோல்ட் இருக்கக்கூடும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கு மேலும் போகும். அது லேன் போர்ட்டைக் கருக்கிவிடலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.